திரையில் வராத பாதி

ஜூன் 3, திங்கள்

தண்ணீர் கேன் வரவில்லை. பக்கத்து அறையில் ஒரு குடம் கடன் வாங்கினேன்.

அலுவலகத்தில் இன்று இருபத்திரண்டு தலைப்புகள். பதினெட்டு மருத்துவமனைக்கு, நான்கு பொள்ளாச்சி நார் ஆலைக்கு.

புது நோட்டு என்பதால் ஒரு முறை எழுதி வைக்கிறேன், என் வேலை என்ன என்று. யாரோ ஒருவர் போனில் எதையோ தேடுகிறார். பத்து வரிகள் வருகின்றன. அவர் விரல் எந்த வரியில் இறங்க வேண்டுமோ அந்த வரியை எழுதுவது என் வேலை. உள்ளே இருப்பதை டாக்டர்கள் எழுதுகிறார்கள். வாசல் பலகை மட்டும் என்னுடையது. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் நூல்களின் ஓரங்களைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். தலைப்பு, முன்னுரை, அடிக்குறிப்பு. இப்போது ஓரத்தில்தான் பிழைப்பு.

வேலைக்குச் சேர்ந்த வாரம் எங்கள் மேலாளர் சம்பத் சார் சொன்னது: "அவங்க தட்டற வார்த்தை மொதல்ல வரோணும். ஒரு நம்பர் போடுங்க. கொஞ்சமா பயம் இருந்தாத் தப்பில்லீங்க. வயிறு சரியா இருக்கறவன் எதுக்கு வயித்துவலின்னு தேடப்போறான்?"

குளிக்கும்போது ஒன்று கையில் பட்டது. இடது மார்பு, அக்குளை ஒட்டி. பட்டாணி அளவு. வலி இல்லை.

இதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 4, செவ்வாய்

இருக்கிறது.

ஜூன் 5, புதன்

கேன் வந்தது.

ஊரிலிருந்து, கோபியிலிருந்து, அம்மா போன் செய்தாள். மழை இல்லை, அப்பாவுக்கு இருமல், மாடி வீட்டுக்குப் புதுக் குடித்தனம். பிறகு, போகிற போக்கில்:

"கண்ணு, போன்ல எதாச்சும் தேடுனா அது அப்படியே நின்னுக்குதே, அத எப்படி அழிக்கறது?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான். உங்கப்பா என் போனை எடுத்து எடுத்துப் பாக்கறாரு. ஒரே சமையல் வீடியோவா இருக்குதுன்னு சிரிக்கறாரு."

சொல்லிக்கொடுத்தேன். மேலே மூன்று புள்ளி. அதைத் தொடு. வரலாறு. அழி. அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

வைத்துவிட்டு என் போனிலும் அதையே செய்தேன்.

ஜூன் 6, வியாழன்

'மார்பில் கட்டி' என்று தட்டினேன். முதல் வரி:

மார்பில் கட்டியா? புற்றுநோயின் 7 அறிகு...

நான் எழுதியது. மார்ச் மாதம், எங்கள் தலைப்புப் பட்டியலில் நாற்பத்திரண்டாவது வரிசை. மூன்று வாரத்தில் முதலிடத்துக்கு வந்தது. சம்பத் சார் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கிக்கொடுத்தார்.

இந்த வரி எப்படிச் செய்யப்பட்டது என்று எனக்குத் தெரியும். கேள்விக்குறி எதற்கு, ஏழு எதற்கு. ஐந்து என்றால் குறைவாகத் தெரியும், பத்து என்றால் படிக்கமாட்டார்கள். எல்லாம் தெரியும். தெரிந்தும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திறக்கவில்லை. உள்ளே மருத்துவமனையின் டாக்டர் லலிதாம்பிகை எழுதியிருப்பதில் பாதி எனக்கு மனப்பாடம். ஆனால் இன்று ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ஏழு மட்டும்தான் வந்தது.

ஜூன் 7, வெள்ளி

மதியம் பெனாசிர் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். எங்கள் டிசைனர். உக்கடத்துக்காரி. நான் எழுதுகிற வரிகளுக்கு நிறம் கொடுப்பவள்.

"என்னடி, நாலு நாளா தயிர்சாதத்தோட பேச்சுவார்த்தை நடத்திட்டு இருக்கே. என்ன மேட்டரு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு தலைப்பு வெச்சா ஒருத்தரும் கிளிக் பண்ண மாட்டாங்க. ஊருக்கே சொல்லித்தர்றே."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் டப்பாவில் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில், பேருந்தில், போனில் தட்டினேன்: மார்பில் கட்டி அம்மாவிடம் எப்படி சொல்வது.

எதுவும் சரியாக வரவில்லை. பாலூட்டுவது பற்றி வந்தது. நான்காவதாக மறுபடி என் தலைப்பு.

ஜூன் 8, சனி

துணி துவைத்தேன். இடது கையைத் தூக்கிக் கொடியில் போடும்போதெல்லாம் அது இருப்பது தெரிகிறது. வலியால் அல்ல. கவனத்தால்.

அம்மாவிடம் இரண்டு முறை பேசினேன். இரண்டு முறையும் அவள் எதையோ சொல்ல வந்து விட்டுவிட்டது போல இருந்தது. எனக்குத்தான் இப்போது எல்லாமே அப்படித் தெரிகிறது போல.

ஜூன் 10, திங்கள்

மாத அறிக்கை. நாற்பத்திரண்டாவது வரிசைதான் நாயகன். மே மாதம் பதினோராயிரத்துச் சொச்சம் பேர். சம்பத் சார் திரையைச் சுவரில் விரித்துக் காட்டினார். பக்கத்திலேயே இன்னொரு எண்: ஒருவர் சராசரியாக அங்கே இருந்த நேரம், பதினொரு நொடி.

"ஏனுங்க சார், பதினொரு நொடில என்ன படிச்சிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"உள்ள வந்தாங்கல்லம்மா. அது போதும். மிச்சம் டாக்டர் பாடு."

இருக்கைக்கு வந்து கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தேன். பதினொரு நொடியில் இரண்டாவது அறிகுறி வரை போகலாம். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லும் பத்தி நான்காவது.

ஜூன் 11, செவ்வாய்

நாளை போகலாம் என்று நினைத்தேன். நாளை கிளையன்ட் கூட்டம்.

கூட்டம் எனக்கு இல்லை. சம்பத் சாருக்கு.

ஜூன் 12, புதன்

எங்களிடம் ஒரு பட்டியல் வரும். மக்கள் என்ன தட்டியபோது எங்கள் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டது என்று. பெயர் வராது, ஊர் வராது, தட்டிய சொற்கள் மட்டும். புதிய தலைப்புகளை அதிலிருந்துதான் எடுப்பேன். ஒருவரோ இருவரோ தேடியதை அந்தப் பட்டியல் காட்டாது. கொஞ்சம் பேராவது தேடியிருந்தால்தான் ஒரு வரி கிடைக்கும்.

மார்புல கட்டி வலி இல்ல
கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு கட்டி வருமா
கட்டி கரைய கை வைத்தியம்
மார்பில் கட்டி அம்மாவிடம் எப்படி சொல்வது

அங்கேயே நின்றுவிட்டேன். என் வரி. என் எழுத்துகள், அதே வரிசையில். எண்ணிக்கை பத்தொன்பது.

நான் தட்டியது நான்கு முறை.

மிச்சப் பதினைந்து யார்? எந்த ஊர்? எந்தப் பேருந்தில் உட்கார்ந்து தட்டினார்கள்?

அதற்கு இரண்டு வரி கீழே இன்னொன்று: மகளுக்கு தெரியாமல் மார்பு கட்டி டாக்டரிடம் காட்ட. இருபத்தாறு முறை. பாவம், யாரோ அம்மாக்கள்.

பட்டியலை மூடிவிட்டு நார் ஆலைக்கு எழுதினேன். 'மாடித்தோட்டத்துக்குத் தென்னை நார்க்கழிவு: எவ்வளவு கலக்க வேண்டும்?' நல்ல தலைப்பு. யாரும் பயப்படமாட்டார்கள்.

ஜூன் 14, வெள்ளி

பெனாசிரிடம் சொன்னேன். மாடிப்படியில், லிஃப்ட் பழுதாகி எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தபோது. மூன்றாம் மாடித் திருப்பத்தில். எட்டு வார்த்தைதான் இருக்கும்.

அவள் நின்றாள். மூச்சு வாங்கினாள்.

"எப்ப இருந்து?"

"மூணாந்தேதி."

"பதினோரு நாளு. பதினோரு நாளா என் முட்டையத் தின்னுட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு இருந்திருக்கே."

"ஒரு முட்டைதான்டி."

"வாய் மட்டும் கொறையாது. திங்கக்கெழம பக்ரீத். செவ்வாக்கெழம போறோம். நான் வர்றேன். எந்த டாக்டரு?"

"லலிதாம்பிகை டாக்டர்."

"நம்ம டாக்டரா? உன்னைத் தெரியுமே அவங்களுக்கு."

"போன்ல மட்டும்தான். முகம் தெரியாது."

"இப்ப தெரியட்டும்."

மிச்ச இரண்டு மாடியை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அதற்குள்ளேயே போனில் நேரம் வாங்கிவிட்டாள்.

ஜூன் 17, திங்கள்

விடுமுறை. மதியம் பெனாசிர் புதுச் சுடிதாரில் வந்து பிரியாணி டப்பாவைக் கொடுத்தாள். "நாளைக்கு ஒம்பதரை. டப்பாவக் கழுவிக் கொண்டு வா, வர்றியான்னு எனக்கு உறுதியாத் தெரியணும்."

கழுவிவிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

எழுதப்போவதில்லை என்று சொன்னதை எழுதுகிறேன்.

டாக்டர் லலிதாம்பிகை நான் நினைத்ததைவிடக் குள்ளம். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கோகிலவாணி... வெப்சைட் கோகிலவாணியா?"

"ஆமாங்க டாக்டர்."

"வாரத்துக்கு மூணு மெயில் அனுப்புவியே. கமா போடலாமான்னு கூடக் கேப்பே. இதைக் கேக்க ரெண்டு வாரம் ஆச்சா?"

பெனாசிர் எனக்காகத் தலையாட்டினாள்.

கைகள் சூடாக இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தார், எங்கோ பாட்டுக் கேட்பவர் போல. "வழுக்கிட்டு ஓடுது. இப்படி ஓடறது பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா பெரும்பாலும்னு சொல்லிட்டு நான் யாரையும் அனுப்பறதில்ல. ஸ்கேன் எடு, ஊசி போட்டு ஒரு துளி எடுத்துப் பாக்கலாம். சனிக்கெழம தெரிஞ்சிரும்."

ஊசி எறும்பு கடித்த மாதிரிதான். அதற்கு முந்தைய பதினைந்து நாளில் எத்தனையோ விதமாக அதைக் கற்பனை செய்திருந்தேன்.

கை கழுவிக்கொண்டே டாக்டர் பேசினார்.

"நீயாவது வந்தே. போன மாசம் சத்தியமங்கலத்துல இருந்து ஒரு அம்மா. கட்டி தெரிஞ்சு ஒரு வருசம் கழிச்சு வந்திருக்காங்க. ஏம்மான்னு கேட்டா, வரலாம்னுதான் இருந்தேன், உங்க ஆஸ்பத்திரி பேரப் போட்டு போன்லயே ஏழு அறிகுறின்னு வந்துச்சு, அதுக்கு மேல பாக்க முடியல, மூடிட்டேங்கறாங்க. நான் ஒரு வரி சேக்கச் சொன்னேனே, பெரும்பாலான கட்டி புற்றுநோய் இல்லைன்னு. தலைப்புலயே வரணும்னேனே. சேத்தாச்சுல்ல?"

"சேத்தாச்சுங்க டாக்டர்."

உண்மைதான். சேர்த்திருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

நாற்பத்திரண்டாவது வரிசையைத் திறந்தேன். முழுத் தலைப்பு இது:

மார்பில் கட்டியா? புற்றுநோயின் 7 அறிகுறிகள் - பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல

அலுவலகத்தின் பெரிய திரையில் முழுதாகத் தெரிகிறது. டாக்டருக்கு நான் அனுப்பிய படமும் பெரிய திரையில் எடுத்ததுதான். போனில் 'அறிகு' வரை வரும். மிச்சத்துக்குப் பதில் மூன்று புள்ளி.

தேடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது போன்.

எங்கள் பட்டியலில் ஒவ்வொரு தலைப்புக்கும் நேராகக் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: கைபேசியில் சரிபார்த்தது. நாற்பத்திரண்டுக்கு நேரே 'ஆம்' என்று இருக்கிறது. நான் போட்டது.

மார்ச்சில் நடந்ததை எழுதுகிறேன். டாக்டர் அந்த வரியை முதலில் வைக்கச் சொன்னார். சம்பத் சார், "சேத்துக்கங்க, கடைசில சேத்துக்கங்க" என்றார். சேர்த்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாதி திரையில் வரவில்லை என்று பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். 'ஆம்' என்று போட்டேன்.

கவனக்குறைவு இல்லை. தெரிந்தே வைத்தேன்.

இன்று மாற்றினேன். யாரையும் கேட்கவில்லை.

மார்பில் கட்டி: பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. முதலில் என்ன பரிசோதனை?

போனில் 'அல்ல' வரை வருகிறது. கேள்வி வெட்டுப்படுகிறது. படட்டும்.

என் முடிவு வருவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்று இருந்தது. நல்ல முடிவு வந்தபின் மாற்றினால் அது நேர்த்திக்கடன் போல ஆகிவிடும். கெட்ட முடிவு வந்தால், என்னால் அந்த வரியை எழுத முடியாமலே போகலாம்.

ஜூன் 21, வெள்ளி

சம்பத் சார் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, மொத எடத்துல நிக்கற பக்கத்தப் போயி யாராச்சும் நோண்டுவாங்களா?"

"அந்தத் தலைப்பு போன்ல பாதிதான் சார் வருது."

"எல்லாத் தலைப்பும் பாதிதான் வருது."

"இதுல வராத பாதிதான் டாக்டர் சொன்னது."

நாற்காலியில் சாய்ந்தார். என்னையே பார்த்தார். "கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாமல்ல?"

"கேட்டா வேண்டாம்னிருப்பீங்க."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." சற்று நேரம் பேனாவை மூடித் திறந்தார். "ரெண்டு வாரம். விழுந்துச்சுன்னா பழையபடி மாத்திப்போடணும். கிளையன்ட் கேட்டா நீங்கதான் பதில் சொல்லோணும்."

சரி என்றேன். நாளை சனிக்கிழமை என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

ஜூன் 22, சனி

ஃபைப்ரோஅடினோமா. புற்றுநோய் அல்ல.

டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "பேருதான் பெருசு. ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன். அவ்வளவுதான். போய் வயிறாரச் சாப்பிடு."

வெளியே வந்ததும் பசித்தது. பத்தொன்பது நாள் பசி. இரண்டு நெய் ரோஸ்ட், ஒரு பூரி, அதற்கு மேல் பெனாசிரின் தட்டில் மிச்சமிருந்த வடை. அவளே தட்டை என் பக்கம் தள்ளினாள். பிறகு கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை. அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தேன்.

தூறல். சாலை முழுக்க மண் வாசம். ஒரு கடைப்பலகையைக்கூட விடாமல் படித்துக்கொண்டே நடந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

கோபி. காலைப் பேருந்து.

அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இடது கையால். கோணல்மாணலாக விழுந்தது. எப்போதிருந்து இடது கை என்று கேட்க நினைத்து, என் விஷயத்தை ஆரம்பித்துவிட்டதால் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது, ஒன்றுமில்லை என்பதை முதலில் சொன்னேன். அப்புறம்தான் கட்டி என்றேன். இப்போது அந்த வரிசையில்தான் எனக்குப் பேச வருகிறது.

துருவுவது நின்றது.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"இடது."

கையைத் துடைத்தாள். அடுப்பைக் குறைத்தாள். வெகுநேரம் எதையோ தேடுவது போல மேடையைப் பார்த்தாள்.

"எனக்கு வலது, கண்ணு."

குக்கர் இரண்டு விசில் விட்டது. இருவரும் எண்ணினோம்.

"எப்ப இருந்தும்மா?"

"போன தீவாளிக்கு முந்தின தீவாளி."

"ஏம்மா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

மிச்சத் தேங்காய் மூடியை எடுத்து நான் துருவ ஆரம்பித்தேன்.

"பங்குனில போலாம்னு இருந்தேன்" என்றாள். "சேலையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். உங்கப்பாகிட்ட சாந்தியக்கா ஊட்டுக்குன்னு சொல்லிட்டேன். கெளம்பறதுக்கு முன்னால எந்த ஆஸ்பத்திரின்னு போன்ல பாத்தேன். ஏழு அறிகுறின்னு வந்துச்சு. எனக்கு அதுல எத்தனை இருக்குன்னு எண்ண முடியல. சேலைய மடிச்சு வெச்சுட்டேன்."

பங்குனி என்றால் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல். முதலிடத்துக்கு வந்த வாரம். பஃப்ஸ் தின்ற வாரம்.

"நாளைக்கே போலாம்மா" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

ஜூன் 24, திங்கள்

விடுப்பு. முதல் பேருந்து. அம்மா பங்குனியில் எடுத்து வைத்த அதே சேலை.

டாக்டர் என்னை எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினார். மேமோகிராம் படம், ஸ்கேன், நீண்ட நேரம். நான் வெளியே நாற்காலியில். என் காகிதத்துக்குக் காத்திருந்தது இதில் பாதி கனம்கூட இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீர்க்கட்டி" என்றார் டாக்டர். "வெறும் தண்ணி. ஊசியில எடுத்தாச்சு. படத்துலயும் வேற ஒண்ணுமில்ல."

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதாங்கம்மா."

"இதுக்காவத்தானுங்களா ஒன்றரை வருசமா வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்காம இருந்தேன்?"

டாக்டர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. நான் அப்போதுதான் அழுதேன்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அம்மா. அவிநாசி தாண்டியதும் சொன்னேன்.

"அந்த ஏழு அறிகுறி தலைப்ப நான்தாம்மா எழுதினேன்."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு நிறுத்தம் வந்து போனது. ஒருவர் ஏறினார், கோழிக்கூண்டோடு.

"அப்ப நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றாள். "பயந்துட்டேனே."

அது பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பவும் அதுதான் இருக்குதா?"

போனை எடுத்துக் கொடுத்தேன். தூரமாகப் பிடித்துக்கொண்டு, பேருந்தின் ஆட்டத்தோடு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். 'அல்ல' என்பதில் நின்றாள்.

"இது வந்திருந்தா அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். வலது பக்கம் சாய்ந்து, ஜன்னல் கம்பியில் தோளை அழுத்தி.

ஜூலை 5, வெள்ளி

கேன் வந்தது. பெனாசிருக்கு முட்டைக் கடன் தீர்த்தேன், ஆறாக.

இரண்டு வாரம் முடிந்தது. வருகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறார்கள். முதலிடம் போய் மூன்றாமிடம். இருக்கும் நேரம் பதினொரு நொடியிலிருந்து ஒன்றரை நிமிடம். மருத்துவமனையிலிருந்து சம்பத் சாருக்கு ஒரு போன் வந்தது: அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நேரம் கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள், என்ன செய்தீர்கள் என்று.

"என்ன செஞ்சீங்கன்னு கேக்கறாங்க" என்றார் என்னிடம். "என்னன்னு சொல்றது?"

"முன்பாதியையும் பின்பாதியையும் மாத்திப் போட்டோம்னு சொல்லுங்க சார்."

"மாத்திப் 'போட்டோமா'?" என்று முறைத்தார். ஆனால் அப்படியே சொன்னார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பழைய தலைப்பைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மதியம் டாக்டரிடமிருந்து மெயில். நான் கேட்ட இரண்டு புதுப் பக்கங்களையும் எழுதி அனுப்பியிருந்தார். பட்டியலில் இரண்டு வரிசை சேர்த்தேன். தலைப்புகளை நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே பத்தொன்பது முறையும் இருபத்தாறு முறையும் எழுதப்பட்டவை.

மார்பில் கட்டி: அம்மாவிடம் சொல்வது எப்படி?
மார்பில் கட்டி: மகளிடம் சொல்வது எப்படி?

எண் இல்லை. பயம் இல்லை. சம்பத் சார் எட்டிப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், டீ குடிக்கப் போய்விட்டார்.

மாலைக்குள் இரண்டு பக்கங்களும் இணையத்தில் ஏறின. கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கைபேசியில் சரிபார்த்தது.

அம்மாவுக்குப் போன் செய்து தேடிப் பார்க்கச் சொன்னேன். என்ன தட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம், பிறகு அவள் மூச்சு.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"முழுசாத் தெரியுதாம்மா? கடைசில மூணு புள்ளி எதாச்சும் இருக்குதா?"

"இல்ல கண்ணு" என்றாள். "முழுசாத் தெரியுது."

'ஆம்' என்று போட்டேன்.